அரக்கு ரெக்கார்டை ஆட்டோ சேஞ்சரில் போடும்போது

ஆட்டோ சேஞ்சர் என்பது அடுக்கிய ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாகத் தானே விழவைத்துப் பாடும் பிளேயர். அடுக்குமுன் ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பாட்டு முடிந்ததும் முள்ளை லேபிள் பக்கம் சரசரவென்று இழுக்கும் பள்ளம் இருக்கிறதா? முள்ளைத் தாங்கும் கை சட்டென்று உள்ளே ஓடுவதை வைத்துத்தான் பெரும்பாலான சேஞ்சர்கள் பாட்டு முடிந்ததை அறிகின்றன. 1920களின் நடுப்பகுதிக்கு முன் வந்த பல தட்டுகளில் அந்தப் பள்ளமே கிடையாது. முள் கடைசிச் சுற்றில் நின்று அரைக்கும், அடுத்தது விழாது. சேஞ்சரைப் பிரிக்காதீர்கள், அந்தத் தட்டைத் தனியாகப் போடுங்கள்.

*

பள்ளம் இருந்தும் கை திரும்பவில்லையா? ரெக்கார்டைச் சுழற்றும் மேடையைக் கழற்றினால் பெரிய பற்சக்கரத்தின் மேல் ஒரு சின்ன ட்ரிப் தகடு தெரியும், கையைத் திருப்பும் வேலையைத் தொடங்கி வைப்பது அதுதான். ஊதினாலே அசைய வேண்டும். பழைய கிரீஸ் இறுகிப்போய் அதைப் பிடித்துக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து அப்படியே உலர விடுங்கள். எண்ணெய் விட்டால் மறுபடி தூசி சேர்ந்து ஒட்டும். இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள்.

அதே ஆல்கஹாலை ரெக்கார்டின் மேல் காட்டிவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், லேபிள் நனையாமல். அவ்வளவுதான்.

*

முள்ளின் நுனி 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். எல்பி முள் 1 மில் அல்லது அதற்கும் குறைவு. பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின் சிக்னலாக்கும் பாகம்) என்றால் இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாக்குங்கள், கரகரப்பு நன்றாகக் குறையும். பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜில் ரோஷெல் உப்பு இருக்கும், கடற்கரை ஊர் ஈரத்தில் செத்துப்போகும். செராமிக் மாற்றுவதே நல்லது.

*

அமெரிக்க சேஞ்சர் வாங்கியவர்களுக்கு: ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் புல்லியை நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓட்டினால் நிமிடத்துக்கு 78 சுற்று என்பது 65 ஆகிவிடும், பாடுகிறவர் தூங்கி வழிவார். 50 ஹெர்ட்ஸ் புல்லி தேடுங்கள். சரிபார்க்க 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை, வேகம் சரியென்றால் சுழலும்போது கோடுகள் நின்றதுபோல் தெரியும். நியான் விளக்கில் பாருங்கள், பல எல்இடி விளக்குகளில் கோடு தெரியாது.

*

எண்ணிக்கை? மூன்று, மிஞ்சினால் நான்கு. அதற்கு மேல் அடுக்கினால் முள் சாயும் கோணம் மாறும். கொஞ்சம் வளைந்த தட்டாக இருந்தால் மேல் தட்டு வழுக்கி சுருதி இறங்கும். நடுத்துளை தேய்ந்த தட்டு ஸ்பிண்டிலில் (நடுக் கம்பியில்) கோணலாக விழும், விளிம்பு சில்லு பெயரும். அதை அடுக்கவே வேண்டாம்.

மூன்று தட்டு ஆல்பத்தில் 1-6, 2-5, 3-4 என்று பக்கங்கள் இருந்தால் குழம்ப வேண்டாம், அது சேஞ்சருக்காகவே அச்சானது. மூன்றும் முடிந்ததும் அடுக்கை அப்படியே புரட்டி வையுங்கள், 4 முதல் தொடரும்.