ஆயில் விளக்கு எரியாத டாஸ்: விட்டுவிட்டு வந்தது சரியா?

பீனிக்ஸ்வாசி

நாலு மாதம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. 2004 டொயோட்டா டாஸ் கார், 2,94,000 கிலோமீட்டர், கேட்ட விலை 36,000 ரேண்ட். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு தாத்தாவின் வண்டி. டாஸைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். 2006இல் தயாரிப்பை நிறுத்தியும் தெருவுக்கு இரண்டு ஓடுகிறது.

கதவுகளின் கீழ் விளிம்பில் மட்டும் துரு. டர்பன் கடல் காற்றுக்கு அதுவும் இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது, மீட்டர் சொன்ன கணக்குக்குப் பொருத்தம். பானெட்டில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. பழுது தெரியாமலிருக்க, நான் வருவதற்கு முன் இஞ்சினைச் சூடாக்கி வைக்கவில்லை. நல்ல மனுஷன் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினேன். பாட்டரி விளக்கு வந்தது. ஹேண்ட்பிரேக் விளக்கு வந்தது. இஞ்சின் ஆயில் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கிற ஆயில் விளக்கு வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன். அந்த ஒரு இடம் மட்டும் இருட்டு. இஞ்சின் ஓடாதபோது அது எரிந்தே ஆக வேண்டும். இருபது வருஷ வண்டி, பல்ப் தானாகப் போயிருக்கலாம். பழுதை மறைக்க யாராவது பிடுங்கியும் இருக்கலாம். கேட்டேன். "அந்த லைட் எப்பவுமே வராது தம்பி" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வது போல.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் கேட் வரை வந்து, ஒரு பையில் நாலு மாம்பழம் போட்டுக் கொடுத்தார். தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமலா?

ஜோபர்க் திருச்சிக்காரன்

நீங்களாவது விளக்கைப் பார்த்தீர்கள். நான் மீட்டரைப் பார்த்து மயங்கினவன். 61,000தான் ஓடியிருந்தது, விலையும் சந்தைக்குக் கீழே. விற்றவர் பெயர் வேண்டாம், டர்பனிலிருந்து வந்த வண்டி என்று மட்டும் சொன்னார். உள்ளே ஒரே மல்லிகை சென்ட். அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கூட வந்த மெக்கானிக் இஞ்சின் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து, இழுத்தார், இழுத்தார், இதற்கு மேல் வராது என்கிறவரை இழுத்தார். நாம் தினமும் மாட்டுகிற பகுதி நல்ல கறுப்பு. கடைசி ஒரு சாண், காய்ந்த சேற்றின் நிறம். விரலால் சுரண்டினார், மாவாக உதிர்ந்தது, வெள்ளச் சேறு. விற்பவர் போன் வந்த மாதிரி வெளியே போய்விட்டார்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் ப்ராஸ்பெக்டன் டொயோட்டா ஆலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, மாதக் கணக்கில் வேலை நின்றது. வீட்டு வாசலில் நின்ற கார்களெல்லாம் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? மூன்று லட்சம் ஓடின தாத்தா வண்டியே மேல்.

கணக்கப்பிள்ளை

பீனிக்ஸ் தம்பி பயந்துவிட்டார், அவ்வளவுதான். ஒரு பல்புக்காக டாஸை விடுவார்களா? நானும் ஒன்று வாங்கினேன், 2,60,000 ஓடினது, ஆறு வருஷம் ஓட்டி விற்றேன், அதில் கதை எதுவும் இல்லை. கிலோமீட்டரை எண்ணாதீர்கள், அது எங்கே ஓடியது என்று கேளுங்கள். டர்பன்–ஜோபர்க் என்3 நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடின இரண்டு லட்சமும், பள்ளிக்கூட வாசலில் நின்று நின்று ஓடின இரண்டு லட்சமும் ஒன்றல்ல.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கில் இஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் அச்சாகியிருக்கும். டார்ச் அடித்து வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பதிவுத் தாளில் கோட் 3 என்றிருந்தால், ஒருமுறை நொறுங்கிக் கட்டியெழுப்பின வண்டி. ரோட்வர்த்தி, அதாவது சாலையில் ஓடத் தகுதி என்கிற சான்றிதழ் 60 நாள்தான் செல்லும், விற்பவர் கொண்டுவருவதை நம்பாமல் நீங்களே ஒரு இடத்தில் எடுங்கள். பெயர் மாற்றத்துக்கு 21 நாள் கெடு.

பிறகு விற்பவர்கள் சொல்கிற அந்த 'ஃபூட்ஸ்டூட்ஸ்'. இருக்கிற நிலையில் விற்கிறேன், அப்புறம் வந்து கேட்காதே என்று அர்த்தம். வியாபாரியிடம் வாங்கினால் அது பெரிதாக எடுபடாது, நுகர்வோர் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பழுதைக் காட்டித் திருப்பலாம். தாத்தா மாதிரி தனி ஆளிடம் வாங்கினால் அந்தச் சட்டம் கிடையாது. ஆனால் பழுது தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால், ஃபூட்ஸ்டூட்ஸ் அவரைக் காப்பாற்றாது. ஆக, தம்பி கேட்ட கேள்விதான் கோர்ட்டிலும் கேள்வி. திருச்சிக்காரருக்கு ஒன்று: வெள்ளத்தில் மூழ்கின வண்டியை இதில் இழுக்காதீர்கள், அது வேறு நோய்.

மாரிட்ஸ்பர்க் அக்கா

என் தமிழ் பாட்டியிடமும் சனிக்கிழமைப் பள்ளியிலும் கற்றது, பிழை இருந்தால் பொறுங்கள்.

கணக்கப்பிள்ளை அண்ணா, மாம்பழம் கொடுத்த தாத்தாவை கோர்ட்டுக்கு இழுக்கிறீர்களே! எங்களுடைய கார் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கால்ஃப், நாலு லட்சம் தாண்டிவிட்டது. ஒரு டிசம்பர், வான் ரீனன்ஸ் கணவாய் ஏற்றம், முன்னால் லாரி, பின்னால் லாரி. சூட்டு முள் மேலே ஏறுகிறது. என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல், இஞ்சின் சூட்டை உள்ளே இழுக்க ஹீட்டரை முழுசாகத் திருப்பினார். கண்ணாடி நாலும் இறக்கி, பிள்ளைகள் வேர்த்து அழ, என் மடியிலிருந்த கேக்கின் ஐசிங் வழிந்து சேலையில் ஓட, முள் ஒரு நூல், ஒரு நூலாக இறங்கியது. உச்சிக்குப் போகும்வரை நான் முருகன் பெயரைத் தவிர வேறு சொல்லவில்லை. ரேடியேட்டர் குழாயில் ஊசிமுனை ஓட்டையாம். குழாய் மாற்றினோம், இன்னும் அதே வண்டிதான்.

தம்பி, அந்த முள் சூடு ஏறியதைக் காட்டிற்று, அதனால்தான் ஹீட்டர் போட்டோம். காட்டாத வண்டியை நீங்கள் விட்டது சரிதான்.

பீனிக்ஸ்வாசி

அக்கா, நன்றி. ஆனால் போன வாரம் அதே டாஸைப் பார்த்தேன். கதவு விளிம்பில் அதே துரு. ஹிகின்சன் ஹைவே பக்கம், ரோபோட்டில், அதாவது சிக்னலில், சிவப்பு விழுந்து என் பக்கத்தில் நின்றது. ஒரு பெண் ஓட்டினாள், பக்கத்தில் அவள் அப்பா போல ஒருவர், பின் கண்ணாடியில் கற்பவர்களுக்கான சிவப்பு 'எல்'. எட்டி அவள் டாஷ்போர்டைப் பார்த்தேன். வெயில் கண்ணாடியில் அடித்து ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலை இறக்கிக் கேட்கலாமா என்று பொத்தானில் விரல் வைத்தேன். என்னவென்று கேட்பது? பச்சை விழுந்தது. இரண்டு தடவை இஞ்சின் அணைந்து, மூன்றாவது தடவை கிளப்பிக்கொண்டு போனாள். புகை வரவில்லை.