கன்ஃபார்மிட்டி: ‘இணக்கம்’ போதுமா?

அன்புடையீர்,

யாரும் கேளாமலே, உடனிருப்பவர்களைப் பார்த்து ஒருவர் தம் கருத்தையோ நடத்தையையோ மாற்றிக்கொள்வதைச் சமூக உளவியலில் ‘கன்ஃபார்மிட்டி’ என்பார்கள். அதற்கு ‘இணக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா அவர்கள் நேற்று எழுதியிருந்தார்கள். அது எளிய சொல், பழகிய சொல் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அதே பாடத்தில் ‘கம்ப்ளையன்ஸ்’ (ஒருவர் கேட்டதற்காகச் செய்வது), ‘ஒபீடியன்ஸ்’ (ஆணையிட்டதற்காகச் செய்வது) இரண்டும் அருகிலேயே வருவதால், மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்த்த பிறகே ஒன்றுக்குப் பெயரிட வேண்டும் என்று கருதுகிறேன்.

சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட கோட்டுச் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டையிலுள்ள கோட்டின் நீளமே உடையது மற்றோர் அட்டையிலுள்ள மூன்று கோடுகளில் எது என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அறையில் ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் ஆய்வாளர் முன்கூட்டியே சொல்லிவைத்தவர்கள். 18 சுற்றுகளில் 12இல் அவர்கள் ஒரே குரலாகத் தவறான விடையைச் சொன்னார்கள். உண்மை கண்ணெதிரே தெரிந்தும், அந்தச் சுற்றுகளில் சோதனைக்கு வந்தவர்கள் சொன்ன விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தின் தவற்றோடு சேர்ந்துகொண்டது. கால் பங்கினர் அளவுக்கே ஒருமுறைகூட வழுவாமல் நின்றார்கள். அப்படிச் சொல்லும்படி அவர்களை யாருமே கேட்கவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம்.

தமிழில் ‘இணங்கு’ என்னும் வினை, ‘வேண்டுகோளுக்கு இணங்கி’, ‘வற்புறுத்தலுக்கு இணங்கி’ என்று நான்காம் வேற்றுமையை ஏற்பது. கேட்பவர் ஒருவர் எதிரில் நிற்கிறார். ஆகவே அது கம்ப்ளையன்ஸுக்கே உரியது. ‘ஆணைக்குக் கீழ்ப்படிதல்’ என்பதும் அவ்வாறே. ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட ஆய்வில் ஆய்வாளரின் ஆணைப்படி, மற்றொருவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பிக்கொண்டே 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் விசைவரை அழுத்தியது இந்த வகை. ‘ஒத்தல்’ மட்டும் ‘ஊரோடு’, ‘கூட்டத்தோடு’ என்று ‘ஓடு’ உருபை ஏற்கிறது. அங்கே கேட்பவர் இல்லை, உடனிருப்பவர்களே உண்டு. உருபே இவ்வளவு தெளிவாகப் பிரித்துத் தரும்போது நாம் ஏன் குழப்ப வேண்டும்?

முதலில் என் மனம் ‘ஒத்தொழுகல்’ என்பதையே நாடியது. ‘உலகத்தோடு ஒட்ட ஒழுகல்’ என்னும் குறளின் நினைவு. ஆனால் அதைக் கல்லாதவரை ‘அறிவிலாதார்’ என்று அக்குறள் சொல்லிவிடுவதால், சொல்லிலேயே ஒரு பாராட்டு ஏறிவிடுகிறது. ஆஷின் அறையில் நடந்ததைப் பாராட்டவோ பழிக்கவோ கலைச்சொல்லுக்கு உரிமையில்லை. மேலும், இருட்டறையில் அசையாத ஒளிப்புள்ளி அசைவதுபோல் தோன்றுவதை வைத்து முசாஃபர் ஷெரிஃப் 1935இல் வெளியிட்ட ஆய்வில், குழுவில் இருந்தவர்களின் மதிப்பீடுகள் ஒன்றையொன்று நெருங்கியதோடு, பின்னர்த் தனித்திருந்தபோதும் பெரும்பாலும் அவ்வாறே நின்றன. அங்கே மாறியது ஒழுகலாறு அன்று, கணிப்பே. (மாணவர்களுக்கு ‘ஒழுகல்’ என்றதும் மழைக்காலக் கூரைதான் நினைவுக்கு வரும் என்பது வேறு.)

எனவே செயலுக்கு ‘ஒத்துப்போதல்’, இயல்புக்கு ‘ஒத்துப்போக்கு’, எதிர்ச்சொல்லாக ‘ஒத்துப்போகாமை’ என்று முன்மொழிகிறேன். ‘அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை’ என்னும் பேச்சுவழக்கு மனப்பொருத்தத்தைக் குறிக்கிறதே என்ற தடை எழும். அதில் நியாயம் உண்டு. ஆனால் ‘ஒத்துப்போக்கு’ என்ற பெயர்வடிவம் வழக்கில் இல்லாததால், அதற்கு நாம் பொருளை வரையறுத்துவிடலாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. மார்ட்டன் டாய்ச்சும் ஹெரால்ட் ஜெரார்டும் 1955இல் இருவகைச் செல்வாக்கைப் பிரித்தார்கள்: குழுவுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி ஒத்துப்போவது ஒன்று, குழு ஒதுக்கிவிடுமோ என்று ஒத்துப்போவது மற்றொன்று. முன்னதைத் ‘தகவல்வழி ஒத்துப்போக்கு’ எனலாம். பின்னதை ஆங்கிலத்தில் ‘நார்மேட்டிவ்’ என்பார்கள். அதை அப்படியே பெயர்த்து ‘நெறிவழி’ என்றால் மறுபடியும் அறத்தின் சாயல் வந்துவிடுகிறது. ‘ஏற்புநாடும் ஒத்துப்போக்கு’ என்பது சற்று நீளம். ‘நெறி’ வராத குறுஞ்சொல் தோன்றினால் ஐயாவும் மற்றவர்களும் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்