சிங்கப்பூர் சைனாடவுன்: பழைய கட்டடங்களில் எதைப் பார்ப்பது?

தஞ்சைப்பயணி:
வணக்கம். அடுத்த மாதம் அம்மாவோடு சிங்கப்பூர் வருகிறேன். ஒரு காலைப்பொழுதை சைனாடவுனுக்கு ஒதுக்கியிருக்கிறேன். போன முறை பகோடா தெருவில் சாவிக்கொத்து வாங்கியதோடு சரி. பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்து, எல்லாம் புதிதாகக் கட்டியவை என்று நினைத்துவிட்டேன். உண்மையிலேயே பழைய கட்டடங்களா? எதைப் பார்க்க வேண்டும்?

சுண்ணாம்புக்காரன்:
பழையவைதான். 1989-ல் அரசு இந்தப் பகுதியைப் பாதுகாக்க வேண்டிய இடமாக அறிவித்தது. பதினோரு வருடமாக இந்தக் கடைவீடுகளை, அதாவது கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கட்டடங்களை, பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன்.

பெயின்ட்டை விடுங்கள். முதலில் அஞ்சடியில் நின்று பாருங்கள். கடைகளுக்கு முன்னால் கூரைக்கு அடியில் ஓடும் நடைவழிக்கு இங்கே நம்மவர்கள் வைத்த பெயர் அது. இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-ல் போட்ட நகரத் திட்டத்தில், ஒவ்வொரு வீடும் முன்பக்கம் இப்படி விட வேண்டும் என்று இருந்தது. மழை கொட்டினாலும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நனையாமல் போகலாம்.

அப்புறம், பின்பக்கம் வரை விடுகிற டீக்கடையோ மருந்துக்கடையோ கிடைத்தால் உள்ளே போங்கள். முகப்பு பதினாறு, பதினெட்டு அடிதான் இருக்கும், உள்ளே நீண்டுகொண்டே போகும். ஒரு பக்கச்சுவரிலிருந்து மறு சுவர் வரை ஒரே மர உத்தரம். உத்தரம் எட்டும் தூரம்தான் வீட்டின் அகலம். பக்கச்சுவர் அடுத்த வீட்டுக்கும் பொது, ஜன்னல் வைக்க முடியாது. அதனால்தான் நடுவில் வானம் பார்த்த முற்றம். தஞ்சாவூர்க்காரருக்கு முற்றத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!

ஒரு வீட்டில் முன்பு யாரோ சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. செங்கல்லைத் தொட்டால் மிளகாய்த்தூள் மாதிரி விரலில் ஒட்டியது. மூன்று வாரம் கையுளியால் கொத்தி எடுத்து, மறுபடி சுண்ணாம்பே பூசினோம். சிமெண்ட் படாத ஒரு மூலையில் சுரண்டியபோது ஏழு அடுக்கு நிறம். எல்லாவற்றுக்கும் அடியில், நீலம் கலந்த சுண்ணாம்பு. அன்றைக்குச் சாப்பிடக்கூடப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெலுக்ஆயர்_மீனா:
அண்ணன் வீடுகளைச் சொல்லிவிட்டார், நான் தெருவைச் சொல்கிறேன். பகோடா தெருவின் பெயரில் இருக்கும் பகோடா, சீனக் கோயில் அல்ல. முனையில் நிற்கும் நம் மாரியம்மன் கோயில் கோபுரம். கோயில் 1827-ல் தொடங்கியது. அதே சவுத் பிரிட்ஜ் சாலையில், தமிழ் முஸ்லிம்கள் 1826-ல் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல்.

தெலுக் ஆயர் தெருவை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் அதுதான் கடற்கரை. தென்சீனாவிலிருந்து வந்த ஹொக்கியன் மக்கள், தங்களைப் பத்திரமாகக் கரை சேர்த்த ‘மாசூ’ என்ற கடல் தெய்வத்துக்கு அங்கே 1839 முதல் 1842 வரை தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டினார்கள். அதே தெருவில், அதற்கும் முன்பே எழுந்த நாகூர் தர்கா. கரையிறங்கியவர்கள் எல்லோருக்கும் முதலில் நன்றி சொல்லத்தான் தோன்றியிருக்கிறது.

தஞ்சைப்பயணி:
இருவருக்கும் நன்றி. அம்மாவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியுமா?

சுண்ணாம்புக்காரன்:
முடியும், எட்டு மணிக்கே வந்துவிடுங்கள், கூட்டம் இருக்காது. ஆனால் அஞ்சடி ஒரே மட்டத்தில் இருக்காது. வீட்டுக்கு வீடு தளம் ஏறும், இறங்கும். மேலே பார்த்துக்கொண்டே நடக்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.