தொட்டதும் ஆளைக் கொண்டுவரும் பொருள் உங்களிடம் உண்டா?

அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு என்னிடம் இருக்கிறது. கண்ணாடி இல்லை, கூடு மட்டும். மூடும்போது 'டப்'பென்று சத்தம் வரும். அவர் படித்து முடித்துவிட்டார், இனிப் போய்ப் பேசலாம் என்பதற்கு எங்களுக்கு அதுதான் அடையாளம். அவர் குரலை யோசித்தால் சரியாக வருவதில்லை. கூட்டை மூடினால் மட்டும், எதையோ கேட்கக் கதவருகே தயங்கி நிற்கும் பிள்ளையாகிவிடுகிறேன். உங்களுக்கு?

—

எனக்குக் கத்தரிக்கோல். அம்மாவுக்கு இடது கைப்பழக்கம். இடது கைக் கத்தரிக்கோலில் அலகுகள் இடம் மாறி இருக்கும். வலது கையில் பிடித்தால் அழுத்தம் எதிர்ப்பக்கம் போய் அலகுகள் விலகும். துணி வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிக்கொள்ளும். தையல் பெட்டி இப்போது என்னிடம்தான். எடுத்து வெட்டிப் பார்க்கும்போதெல்லாம் துணி மடங்கும், "அது உனக்கு வராது, வை" என்பார் அம்மா. கட்டைவிரல் வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுப்புப் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறது. சாணை பிடிப்பவர், பெயின்டும் அடித்துப் புதுசாக்கித் தருகிறேன் என்றார். நல்ல மனுஷன்தான். கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன்.

—

வீடு மாறும்போது எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். அருங்காட்சியகத்தில் வெறுமனே பார்த்த பொருள்களை விட, போட்டோ எடுத்த பொருள்கள் மக்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தன என்று லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளரின் 2014 ஆய்வு சொல்கிறது. ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தால் அந்த இழப்பு இல்லையாம். சரி, இருக்கட்டும். வீட்டில் நடக்க இடம் இருக்கிறது, எனக்கு அது போதும்.

—

ஜூம் செய்தாலும் வாசனை வராதே! மற்றப் புலன்களின் செய்தி மூளையில் முதலில் தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகப் போகிறது. வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் பக்கம் குறுக்கு வழியில் போய்விடும். யாருடைய வாசனை என்று புரிவதற்குள் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அக்காவின் சால்வையை இறுக மூடும் டப்பாவில் வைத்திருக்கிறேன். திறக்கத் திறக்க வாசனை குறைகிறது. திறக்காமல் வைத்திருந்தால் வைத்திருப்பதே எதற்கு என்றும் தோன்றுகிறது. துணியில் வாசனை இன்னும் கொஞ்ச நாள் தங்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். துவைத்து வைக்கச் சொல்பவர்கள் மட்டும் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம்.