புதுப்பிப்பு: தக்கலை தாத்தா பார்த்த விமானம்

1935-ல் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கிய விமானத்தைப் பார்க்கத் தாத்தா தக்கலையிலிருந்து போன கதையைச் சொல்லி, அது என்ன ரகம் என்று கேட்டிருந்தேன் இல்லையா. சரி, விடை கிடைத்தாச்சு: டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் ஃபாக்ஸ் மாத். நம்ம ஊரும் அப்போது திருவிதாங்கூர்தானே. மகாராஜாவுக்கு வைசிராய் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தோடு பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் ஓட்டி வந்தது. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் சொந்தத் தபால் துறையான 'அஞ்சல்' கொடுத்த தபாலோடு திரும்பியது. பயணிகள் முன்னால் மூடிய அறைக்குள் சுகமாக உட்கார்ந்திருக்க, பைலட் பாவம், பின்னால் திறந்தவெளியில் காற்று வாங்குவார். "ஓட்டுறவன் தலை வெளியே தெரிஞ்சுது" என்று தாத்தா சொன்னதை வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. இறக்கை, வால் எல்லாம் அதே நிறுவனத்தின் டைகர் மாத் விமானத்தினுடையது. அப்புறம் சொந்தக்காரர்: டாடா ஏர்லைன்ஸ். அதுவே 1946-ல் ஏர் இந்தியா, 1953-ல் அரசுடைமை, 2022-ல் மறுபடியும் டாடா. பதிவெண் தெரிகிற படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.