மறுமொழி: எஸ்எல்ஆர் கேமராவுக்கு ‘ஆடிக் கேமரா’

நண்பர்களுக்கு வணக்கம்.

எஸ்எல்ஆர் (சிங்கிள் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ்) கேமராவைத் தமிழில் ‘ஒற்றைவில்லைப் பிரதிபலிப்புக் கருவி’ என்று அழைக்கலாம் (வில்லை என்றால் லென்ஸ்) என்ற முன்மொழிவைப் படித்தபோது என்னிடம் அந்தக் கேமரா இல்லை. போன வாரம் இங்கே மொரீஷியஸில், கியூர்பிப் நகரில் ஒன்று வாங்கினேன். கையாண்டு பார்த்த பிறகு அந்தச் சொல் வேண்டாம் என்றே படுகிறது.

பெட்டியைப் பிரித்ததும் எடைதான் முதலில் தெரிந்தது. வலது கை விரல்கள் பிடியில் தாமாகப் போய் உட்கார்ந்தன. லென்ஸைத் தாங்க இடது கை கீழே போயிற்று. முதல் படம், மேசைமேல் கிடந்த நூறு ரூபாய்த் தாள். லென்ஸின் துளையை அகலத் திறந்து (எஃப் 1.8) சாய்வாக எடுத்தேன். நம் மொரீஷியஸ் தாளில் இருக்கும் தமிழ் எழுத்துகள் மட்டும் பளிச்சென்று விழுந்தன, மற்றதெல்லாம் கரைந்துவிட்டது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் லென்ஸைக் கழற்றினேன். உள்ளே, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய கண்ணாடி ஒன்று 45 பாகையில் சாய்ந்து நிற்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்புகிறது. அங்குள்ள ஐங்கோணப் பட்டகம் (பிரிஸம்) உருவத்தை நேராக்கிக் கண்ணுக்குக் கொடுக்கிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி படக்கென்று எழுந்து வழிவிடும், ஒளி பின்னால் உள்ள, படத்தைப் பதிவுசெய்யும் உணரியில் (சென்சார்) விழும். அந்தக் கணம் பார்வை இருண்டு திரும்புகிறது.

இந்தக் கருவிக்கு உயிர் அந்தக் கண்ணாடிதான். பெயரும் அதிலிருந்தே வரட்டும்: ‘ஆடிக் கேமரா’. ஆடி என்றால் உருவம் காட்டும் கண்ணாடி.

‘ஒற்றைவில்லை’ ஏன் வேண்டாம்? ஒரு காலத்தில் பார்க்க ஒன்று, படமெடுக்க ஒன்று என மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த கேமராக்கள் புழங்கின. அவற்றிலிருந்து பிரித்துச் சொல்லத்தான் அந்த அடைமொழி. இன்று ஒற்றை லென்ஸ் என்பது யாருக்கும் எதையும் பிரித்துக் காட்டாது. பிரெஞ்சில் அதை விட்டுவிட்டு வெறும் ‘ரிஃப்ளெக்ஸ்’ என்கிறார்கள், இங்கே கடையிலும் அதுதான் பேச்சு. ஒரு குறையும் இல்லை.

‘கண்ணாடிக் கேமரா’ என்றே சொல்லலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். கண்ணாடி என்றால் மூக்குக்கண்ணாடியும் உண்டு, ஜன்னல் கண்ணாடியும் உண்டு. லென்ஸும் கண்ணாடிதானே என்பார்கள். ‘ஆடி’ அப்படிக் குழப்பாது. குழியாடி, குவியாடி எனத் தமிழ்நாட்டு அறிவியல் பாடத்தில் நிலைத்த சொல். குறுந்தொகையில் வரும் ‘ஆடிப்பாவை’யும் கண்ணாடியில் தெரியும் உருவம்தான். சரி, ஆடி மாதம் நினைவுக்கு வராதா? வரும். ‘படி’ என்றால் மாடிப்படியும் நினைவுக்கு வரும், படிப்பும் வரும். இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம் இல்லையா?

ஒரு சொல் குட்டி போடுகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். இது போடுகிறது. கண்ணாடி எழும்போது கேமரா லேசாக அதிரும். முக்காலியில் வைத்து 1/15 நொடி அளவில் எடுத்தால் படம் கலங்கக்கூடும். அது ‘ஆடியதிர்வு’. பார்வை இருளும் அந்தக் கணம் ‘ஆடியிமைப்பு’. 2008இல் பானாசோனிக் ஜி1 தொடங்கிவைத்த, கண்ணாடியே இல்லாத வகை ‘ஆடியிலி’. ஒற்றைவில்லைப் பிரதிபலிப்பிலிருந்து இவற்றில் எதை எடுப்பீர்கள்?

எனக்கு இதில் அக்கறை வர இன்னொரு காரணமும் உண்டு. கோயில் வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். பதினெட்டு எழுத்துச் சொல்லை அவர்கள் வாயில் திணிக்க எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை கேமராவைக் கொண்டுபோய் லென்ஸைக் கழற்றிக் காட்டினேன். ‘ஆடி’ என்று ஒருமுறைதான் சொன்னேன். பொத்தானை அழுத்தியதும் ஒரு சிறுமி, “ஆடி எழுந்திருச்சு!” என்று கத்தினாள்.

வியூஃபைண்டருக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. வகுப்பில் ‘கண் வைக்கிற இடம்’ என்று சொல்லிச் சமாளித்தேன். ‘காட்சிகாணி’ வாயில் ஒட்டவில்லை. தைப்பூசக் காவடித் திருவிழாவுக்கு முன் நல்லதாக ஒன்று சொல்லுங்கள். அன்றைக்குப் பெரிய பிள்ளைகள் கையில் இந்தக் கேமராவைக் கொடுக்கப் போகிறேன்.

அன்புடன்,
ரோஸ் ஹில்லிலிருந்து