எண்ணூர் கழிமுகத்தில் துடுப்புப் பிடித்த நாட்கள்

சாரணர் என்றால் கூடாரம், முடிச்சு, கொடி வணக்கம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1990களில் தண்டையார்பேட்டையில் வளர்ந்த எங்களுக்குப் படகும் அதில் சேர்த்தி. சனிக்கிழமை விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி ரயிலேறி எண்ணூரில் இறங்குவோம். கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் சேர்ந்து கடலுக்குப் போகிற இடத்தில்தான் பயிற்சி. கற்றுக்கொடுத்தது இரண்டு பேர். எங்கள் சாரண ஆசிரியருக்குக் கடற்படைப் பாணித் துடுப்பு அத்துப்படி. மீனவக் குப்பத்து அண்ணன் ஒருவருக்கு அந்தத் தண்ணீர் அத்துப்படி.

அண்ணன் முதலில் துடுப்பையே தொடவிடவில்லை. ஒரு காய்ந்த குச்சியைத் தண்ணீரில் போட்டு, "எந்தப் பக்கம் போவுது பாரு" என்பார். கடல் ஏறும்போது குச்சி ஆற்றுக்குள் போகும், வற்றும்போது கடலைப் பார்த்து ஓடும். நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு அதிகம். வற்றும் நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் சின்னப் பசங்கள் படகைத் திருப்பவே கூடாது என்பது அவர் சட்டம். வெயில் ஏறினால் கடல் காற்று கிளம்பிவிடும், அதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும் என்பது இன்னொன்று.

துடுப்பு போடுவது சாரண ஆசிரியரான சாரின் பாடம். போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். "கையால் இழுக்காதே, காலால் தள்ளு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கை நீட்டியபடி இருக்க, முதலில் கால், அப்புறம் முதுகு, கடைசியில்தான் முழங்கை மடங்கும். துடுப்பின் அலகு, அதாவது தட்டையான முனை, தண்ணீருக்குள் மூழ்கினால் போதும், ஆழமாகக் குத்தினால் படகு நின்றுவிடும். வெளியே எடுத்ததும் அலகைப் படுக்கை வாக்கில் திருப்பினால் காற்று பிடிக்காது. சுக்கான் பிடிப்பவனுக்கு மட்டும்தான் வழி தெரியும். அவன் "கிவ் வே" என்றால் எல்லோரும் ஒன்றாக இழுக்க வேண்டும், "ஹோல்ட் வாட்டர்" என்றால் அலகைத் தண்ணீரில் நட்டு நிறுத்த வேண்டும். முன்னால் இருப்பதைப் பார்க்காமல் நண்பன் குரலை நம்பி முழு பலத்தையும் போட்டு இழுப்பதை எனக்கு வேறு எந்த விளையாட்டும் கற்றுத்தரவில்லை.

அண்ணன் முறையில் முகம் முன்னால் பார்க்கும். ஆழம் குறைந்த இடத்தில் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார். ஆனால் நேராகப் போவதற்கு இருவரும் சொன்னது ஒன்றேதான்: கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துக்கொள். எங்களுக்கு அனல்மின் நிலையப் புகைபோக்கி ஒன்று, அதற்கு முன்னால் ஒரு பனைமரம் இன்னொன்று. இரண்டும் விலக ஆரம்பித்தால் நீரோட்டம் தள்ளுகிறது என்று அர்த்தம். கடலில் மீன் இருக்கும் இடத்தையும் இப்படிக் கரையைப் பார்த்துத்தான் பிடிப்போம் என்று அண்ணன் சொன்னபோது சார் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இடுப்பளவுத் தண்ணீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்தும் பழகினோம். கவிழ்ந்தால் நீந்திக் கரைக்குப் போக முயலாதே, படகைப் பிடித்துக்கொண்டு மிதந்திரு. விழுந்தவனைப் பக்கவாட்டில் ஏற்றினால் படகு சாயும், பின்பக்கமாக ஏற்று. படகில் எழுந்து நிற்கவே நிற்காதே. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தபோது, எங்கள் செட்டில் இருந்த எல்லோருக்கும் இந்தப் பாடம்தான் நினைவுக்கு வந்தது.

இன்று அந்த இடம் அப்படி இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. அதைப் பார்க்கப் போன அன்று எனக்குப் பேச்சே வரவில்லை.

பிள்ளைகளைப் படகுப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக அனுப்புங்கள். நீச்சல் முதலில், உயிர்காப்பு உடை கட்டாயம். பயிற்சி தருபவர்களில் அந்தத் தண்ணீரிலேயே தொழில் செய்யும் மீனவர் ஒருவராவது இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.